அந்நமெந மிந்நும்: எங்க பக்கத்துப் பாவைக்கூத்தும் போய்ச் சேர்ந்தவர்களும்

வாசகர் ஒருவர் கேட்டது, ஜனவரி 4

"பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைக் காப்பாத்தி மறைஞ்சவங்களுக்கு நம்ம பக்கம் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கலாம்னு பேச்சு வந்திருக்கு. பட்டியல்ல புலவர்கள் (பாடி, விளக்கம் சொல்லி, பாவை ஆட்டறவங்க) பேர் மட்டும் இருந்தா போதும்னு நினைக்கிறேன். எண்ணெய் ஊத்தினவர், பாய் விரிச்சவர்னு சேர்த்துக்கிட்டே போனா பட்டியலுக்கு மதிப்பு இருக்காது. கொழிஞ்சாம்பாறைக்காரங்க என்ன சொல்றீங்க?"

ஜனவரி 4, இரவு

ஒத்துக்க மாட்டேன். எண்ணெய் ஊத்தினவர் பேர் முதல்ல வரணும்.

கூத்துமாடத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் ஒரு நீளமான கட்டை. அதில் வரிசையாக 21 தேங்காய் மூடி, ஒவ்வொன்றிலும் தேங்காயெண்ணெய், திரி. பாவையின் நிழல் துணியில் விழுவது இந்த வெளிச்சத்தில்தான். கூத்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலை வரை போகும். ஒரு மூடியில் எண்ணெய் வற்றினால் திரையில் அந்த இடம் மங்கிவிடும். திரி உயர்ந்தால் புகை ஏறும், துணி கறுக்கும். அதுக்கு ஓர் ஆள் குனிந்தபடியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். பாடுகிறவர் காலுக்கு இடையில் புகுந்து போவார், பாவை பிடித்த கையில் இடிக்காமல் ஒதுங்குவார், குச்சியால் திரியை ஒரு நூல் தள்ளுவார்.

நான் சின்னப் பையனாகப் பார்த்த காலத்தில் அந்த வேலை செய்தவர் பகலில் கள்ளுக்குத் தென்னை ஏறுகிறவர். ராத்திரி தூங்காமல் 21 விளக்கு. ஒரு பருவத்துக்குப் பதினாலு ராத்திரி என்றால் பதினாலு ராத்திரியும். ஒரு தடவை மாடத்து ஓரம் உட்கார்ந்து, "தூக்கம் வராதாண்ணா?"ன்னு கேட்டேன். "பகவதி முழிச்சிருக்கா, நான் எப்படித் தூங்கறது?"ன்னார். அவருக்கு வேறு பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் இறந்தபோது எந்தக் கலைக்குழுவும் மாலை கொண்டுவரவில்லை. அந்த வருஷம் கூத்தில் விளக்கு இரண்டு தடவை அணைந்தது.

ஜனவரி 5

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நேற்று நேராக விளக்குக்குள் போய்விட்டேன்.

பாரதப்புழைக் கரையோரம் பகவதி கோயில்களுக்கு எதிரே தனிக் கட்டடமாகக் கூத்துமாடம் இருக்கும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஆடு படுத்துக் கிடக்கும். ஜனவரி தொடங்கி மே வரைக்கும் கூத்துக் காலம். 7 நாள், 14, 21, 41, 71 என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு. பாடுவது கம்பராமாயணம், தமிழ்ப் பாட்டு. அதுக்கு நடுநடுவே சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்தது. பாட்டும் விளக்கமும் சேர்ந்ததைத்தான் ஆடல்பற்று என்பார்கள். பாட்டைக் கூத்துக்குக் கட்டிக்கொடுத்தவர் புத்தூர் சின்னத்தம்பிப் புலவர் என்பது பரம்பரை வழக்கு.

கதையும் உண்டு. ராம ராவண யுத்தம் நடக்கும்போது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாளாம், அந்த யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்காகத்தான் வருஷா வருஷம் இந்தக் கூத்து. அதனால்தான் எதிரே ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். எண்பதுகளில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வந்து ராத்திரி ராத்திரியாகப் பதிவு செய்தார். அவரை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான்: கேட்க ஆளில்லாமல் இவ்வளவு நுணுக்கமான விளக்கம் யாருக்கு? எங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை.

ஜனவரி 7

புலவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இல்லாவிட்டால் ஷொரணூர் தாண்டி இந்தக் கூத்தை ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இருபத்தோரு ராத்திரிக் கூத்தை ஒரு மணி நேர மேடைக்குச் சுருக்கி, கோயில் வளாகத்துக்கு வெளியே கொண்டுபோனவர் அவர். சுருக்கியது சரியா என்று அப்போதே சண்டை போட்டவர்கள் உண்டு. என் மாமாவும் அதில் ஒருவர். "மரத்தை வெட்டிக் குச்சி விக்கறாங்க"ன்னு சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு ஒரு நாள், "குச்சியப் பாத்துட்டாவது மரத்தத் தேடி வரட்டும்"னு மாற்றிக்கொண்டார். 2021இல் புலவரின் மகன் ராமச்சந்திரப் புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது மாமா இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் 2011இலேயே போய்விட்டார்.

மாமாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அம்மாவுக்கு மூத்தவர். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வெற்றிலை மண்டி. கூத்துக் காலத்தில் மண்டியை மத்தியானத்தோடு மூடிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். கூத்துமாடத்தில் பாடுவார். அவர் வைத்துவிட்டுப் போனது ஏழு நோட்டு.

ஜனவரி 8

திருத்தம். மாமா மகன் காலையிலேயே கூப்பிட்டுவிட்டான். "மச்சான், அப்பா பாடுவாருன்னு எழுதியிருக்கீங்க. அப்பா ஒரு நாளும் பாடினதில்லீங்க. அவரு கேள்வி கேக்கற ஆளு."

அவன் சொல்வதுதான் சரி. நாற்பது வருஷமாக அவர் பாடினார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவர் பாடிக்கொண்டே இருப்பார், அதுதான் காரணம். மாடத்துக்குள் ஒருவர் பாட்டைச் சொல்லி விளக்கம் எடுத்தால் இன்னொருவர் எதிர்க்கேள்வி போடுவார். 'தம்பி காட்டுக்குக் கூடப் போனான் சரி, அவன் பொண்டாட்டியை ஏன் விட்டுட்டுப் போனான்?' என்று மடக்க வேண்டும். மடக்கினால்தான் விளக்கம் நீளும், ராத்திரி நகரும். மாமாவின் வேலை அந்தக் கேள்வி. வெற்றிலை மண்டியில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொண்டு போவாராம். ஒரு தடவை அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஒரு புலவர் விடிய வைத்தார், கதை ஓர் அடி நகரவில்லை என்று மாமா மகன் சொன்னான். மறுநாள் அந்தப் புலவரே மண்டிக்கு வந்து, "இன்னிக்கும் அதே மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க"ன்னு ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாராம்.

பாடாதவர், பாவை பிடிக்காதவர், கேள்வி மட்டும் கேட்டவர். கூட்டம் வைக்கிறவர்கள் இவரை எந்தப் பட்டியலில் வைப்பார்கள்?

ஜனவரி 12

நோட்டுகளைப் பற்றி. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

கூத்துக்காரர்களிடம் இருந்த ஓலையும் நோட்டும் பெரும்பாலும் மலையாள எழுத்தில். பாட்டு தமிழ், எழுத்து மலையாளம். மாமா தமிழ் வழியில் ஐந்தாவது வரை படித்தவர். மலையாளம் கடைப் பலகை பார்த்துப் பழகியது. புலவர் ஒருவரிடம் நோட்டை இரவல் வாங்கி, எழுத்தெழுத்தாகத் தமிழில் எழுதினார். கோடு போட்ட நீள நோட்டு, மண்டிக் கணக்கு எழுதுவது. இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் அவர் கேட்கப்போகும் கேள்வி.

சூர்ப்பணகை வரும் பாட்டு எல்லாருக்கும் தெரியும்:

"அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்"

மாமா நோட்டில் "அந்நமெந மிந்நும்" என்று இருக்கும். "மஞ்ஞையெந". ஏழு நோட்டிலும் ன என்ற எழுத்தே அநேகமாகக் கிடையாது. காரணம் எளிது. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். எது எங்கே என்று தெரியாமல் மாமா எல்லாவற்றையும் ந என்று இறக்கிவிட்டார்.

நான் தமிழாசிரியர். மாமா போன மறு வருஷம், கோடை விடுமுறையில், முதல் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சிவப்பு மையில் ந எல்லாவற்றையும் ன ஆக்கினேன். மேலேயே, தடித்து. இரண்டாவது நோட்டும் முடித்தேன். அவருக்குச் செய்யும் கடமை என்று நினைத்தேன். அச்சுக்குப் போகும்போது பிழையாக இருக்கக் கூடாதே.

மூன்றாவது நோட்டுக்கு வரும்போது கூத்துக்குப் போயிருந்தேன். பாடுகிறவர் "அந்நம்", "மிந்நும்" என்றுதான் பாடினார். நாக்கு பல்லில் பட்டு, தெளிவாக. மலையாளம் பேசும் வாயில் அன்னம் அப்படித்தான் வரும். மாமா எழுத்தை மட்டும் பார்த்து இறக்கவில்லை. இந்த மாதிரி இடங்களில் எழுத்தும் காதில் விழுந்ததும் ஒன்றாக இருந்தது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கம்பன் பாட்டு வாளையாற்றுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்து எந்த வாயில் எப்படி ஒலித்தது என்பதற்கு அந்த ந சாட்சி. இரண்டு நோட்டில் அந்தச் சாட்சியை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மை போகாது. முயற்சி பண்ணிப் பார்த்தேன், தாள் கிழிகிறது.

ஜனவரி 12, பின்னிரவு

மாமா இருக்கும்போதே ஒரு தடவை, "மாமா, இங்கெல்லாம் றன்னகரம் வரணுங்க"ன்னு காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அது என்ற எழுத்து கண்ணு. உன்ற எழுத்துல நீ எழுதிக்க"ன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்ள அவர் வெட்கப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஜனவரி 13

ஆறாவது நோட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்று ஆறு நோட்டு வாங்கிப் போனார்கள். ஐந்து வந்தது. எத்தனையோ தடவை நடந்தேன். ரசீது வாங்காதது என் தப்பு. அதில் கும்பகர்ணன் பகுதி இருந்தது. இன்னும் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், விடுவதாக இல்லை. பெயர் எழுத மாட்டேன், கேட்க வேண்டாம்.

யாரிடமாவது தாத்தா, அப்பாவின் நோட்டு இருந்தால்: கையை விட்டுக் கொடுக்காதீர்கள். போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். மேலட்டை, உள்ளே செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து. மாமாவின் நான்காவது நோட்டில் வெற்றிலை பாக்கிக் கணக்கு இருக்கிறது. எந்தக் கோயில் கூத்துக்கு எத்தனை கவுளி வெற்றிலை போனது என்று அதில் தெரியும். யார் யார் அந்த வருஷம் ஆடினார்கள் என்பதும் அதில்தான் கிடைத்தது.

ஜனவரி 19

மைக்செட்காரரை மறந்துவிட்டேன் என்று நண்பர் ஒருவர் திட்டினார். மறக்கவில்லை, அவர் கேசட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். யாரும் சொல்லாமல், யாரும் காசு கொடுக்காமல், எண்பதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் கூத்தைப் பதிவு செய்தார். 90 நிமிடக் கேசட். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். ஒவ்வொரு புரட்டலிலும் பாட்டில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் விழுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இன்னொரு டேப்ரிக்கார்டர் வாடகைக்கு எடுத்து, இது முடியும் முன் அதை ஓடவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்தார். வாடகை அவர் கைக்காசு.

அவர் வீட்டில் 23 கேசட் கிடைத்திருக்கிறது. பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக. நேற்று ஒன்றைச் சுத்தம் பண்ணி ஓட்டினோம். முதலில் கரகரப்பு. பிறகு அவர் குரல், மெதுவாக, பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல்: "ஒம்பதாம் நாள். நல்ல பனி. ஆள் மூணு பேரு." அதுக்குப் பிறகு செண்டை. எங்கேயோ நாய் குரைக்கிறது. இலத்தாளம் நின்ற இடைவெளியில் ஒருவர் இருமுகிறார். அந்த இருமல் மாமாவுடையது. மாமா மகன் அறையை விட்டு எழுந்து போய்விட்டான்.

மைக்செட்காரர் 2021இல் கொரோனாவில் போனார். சுடுகாட்டுக்குப் போக நாலு பேருக்கு மட்டும் அனுமதி. அந்த நாலு பேரில் நான் இல்லை.

ஜனவரி 20

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். "நீங்க தமிழ்க்காரங்க, அது கேரளாக் கலை, உங்களுக்கு என்ன பாத்தியதை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. சுற்றிலும் மலபாரும் கோயமுத்தூரும், இரண்டும் மதராஸ் மாகாணம். 1956 நவம்பர் 1க்குப் பிறகு சித்தூரும் மலபாரும் கேரளம். என் தாத்தா வீடு மாறாமலே மூன்று அரசாங்கத்துக்கு வரி கட்டினவர். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு நாட்டுப் படை வந்து தோற்றுப் போனதைக் கொண்டாடுவது. எங்கள் ஆட்கள் கொங்கிலிருந்து வந்தவர்கள். எங்கள் ஆத்தா வருஷா வருஷம் அந்தத் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் போய் நின்று, கொங்கன் தோற்றதும் பகவதிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வரும். "தோத்தது அந்த ராசா, நாமில்ல"ன்னு சொல்லும். பாத்தியதை கேட்டவருக்கு இதுக்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி 2

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். "எண்ணெய் ஊத்தினவர் முதல் பேர்னா புலவர் என்ன ரெண்டாம் பேரா? இருபது வருஷம் குருகிட்ட நின்னு படிச்சதுக்கு என்ன மரியாதை?"

இதை யோசித்தேன். கோபத்தில் எழுதிவிட்டேன், முதல் பேர் என்றது தப்பு. ஆயிரக்கணக்கில் பாட்டும் அதுக்கு விளக்கமும் தலையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அது இல்லாமல் எண்ணெய் ஊற்ற விளக்கே இருக்காது. வரிசை போடுவதே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மேடையில் படம் வைத்து மாலை போட்டால் வரிசை தானாக வந்துவிடும். நடுவில் யார், ஓரத்தில் யார். மைக்செட்காரருக்கு ஒரு படமே கிடையாது. வாக்காளர் அட்டையில் இருப்பதுதான், அதில் அவர் முகம் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது.

கூத்திலேயே அதுக்கு இடம் இருக்கிறதே. கதை தொடங்கும் முன் பட்டர் பாவைகள், அதாவது பிராமணர் உருவங்கள், திரைக்கு வரும். கணபதி துதி, குரு வணக்கம். பிறகு அன்றைய கூத்துக்கு வழிபாடு கட்டியவர், அதாவது வேண்டுதலாகக் காசு கட்டியவர், பேரைச் சொல்லி வாழ்த்து. பேர் சொல்வதற்கென்றே உள்ள பாவைகள் அவை. நாம் ஏன் ஹால் வாடகைக்கு எடுக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு ராத்திரி வழிபாடு கட்டினால் போதாதா?

பிப்ரவரி 3

விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். வழிபாடு உயிரோடு இருக்கிறவர்கள் நன்மைக்குத்தான், இறந்தவர் பேரில் கட்டும் வழக்கம் அவர் பார்த்ததில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வீட்டுப் பிள்ளைக பேர்ல கட்டுங்க. இன்னார் பேரன்னு சொல்லச் சொல்லுங்க. பேரும் வந்துரும், வழக்கமும் கெடாது"ன்னார். இப்படி ஒரு வழி எனக்குத் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 23

கட்டியாயிற்று. மாமா பேரன் பெயரில், சூர்ப்பணகை வரும் நாளாகப் பார்த்து. கவுண்டரில் பேர் எழுதிக்கொண்டு, "நாள்?" என்றார். நட்சத்திரம் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டேன். "அனுசம். அங்க அனிழம்னு சொல்லு, அப்பத்தான் அவுங்களுக்குத் தெரியும்"னு சொல்லிவிட்டு, "உங்க மாமாவுக்கும் அதே நாளுதான்"னுச்சு. நாற்பது வருஷம் மருமகனாக இருந்தும் எனக்கு இது தெரியாது.

மார்ச் 2

நேற்று கூத்து. பன்னிரண்டு பேர் போனோம். கேசட்டில் அவர் சொன்ன "ஆள் மூணு பேரு"வை விட ஒன்பது பேர் அதிகம். எண்ணெய் ஊற்றியவர் மகன் பாலக்காட்டில் ஆட்டோ ஓட்டுகிறான், அவனும் வந்தான். விளக்கு ஏற்றும்போது பக்கத்தில் போய் நின்றான், தொடவில்லை. நடுராத்திரி தாண்டி நான் எழுந்து பார்த்தபோது உள்ளே குனிந்து நடந்துகொண்டிருந்தான். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

பட்டர் பாவைகள் வந்தன. பேர் வந்தது. பேரன் பேர், பிறகு "வெத்தலக்கார மாமனாரோட பேரன்" என்று புலவர் தானாகச் சேர்த்துக்கொண்டார். மாமாவை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாமா அந்தப் பக்கம் எல்லாருக்கும் அந்தப் பேரில்தான் தெரிந்திருந்தார் என்று பிறகு சொன்னார். பேரனுக்கு ஒன்பது வயது, பாயில் தூங்கிவிட்டான். எழுப்பவில்லை.

பாட்டு வந்தபோது மூன்றாவது நோட்டை மடியில் விரித்து, போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கேட்டேன். அந்நம். மிந்நும். ஓர் ஒலி விலகவில்லை. வலது பக்கத்தில் மாமாவின் கேள்வி: "நஞ்சுன்னு தெரிஞ்சும் கவி ஏன் மயில்னு சொல்லோணும்?" அதைக் கேட்க நேற்று மாடத்தில் ஆள் இல்லை. புலவர் பாட்டைச் சொல்லி, விளக்கம் சொல்லி, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் நோட்டை அவரிடம் காட்டினேன். நின்றபடியே நாலு பக்கம் படித்தார். "இந்தக் கேள்விகளை எனக்கு ஒரு காப்பி தருவீங்களா?" என்றார்.

மார்ச் 9

கேள்விகளை மட்டும் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பென்சிலில். மாமா எழுதினபடியே, ந இருந்தால் ந. மூன்றும் நான்கும் முடிந்தது. முதல் இரண்டு நோட்டில் வலது பக்கத்தை நான் தொடவில்லை, அது தப்பித்தது.

கேசட்டில் பதினாலு சுத்தம் பண்ணியாகிவிட்டது, ஒன்பது பாக்கி. எங்கள் டேப்ரிக்கார்டரில் பெல்ட் போய்விட்டது. சித்தூர், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் பக்கம் யாரிடமாவது ஓடுகிற டெக் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கும்பகர்ணன் அந்த ஒன்பதில் இருக்கலாம்.